குடத்துக்கு ஒரு பற்றுச்சீட்டு

நான் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் இருந்தது நான் ஒருவன்தான். என் மனைவி பெரியாயி அடுப்படியில் இருந்தாள். அவளுக்கும் வாக்குரிமை கொடுத்தால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது என்பது எனக்கு நாற்பத்திரண்டு வருஷ அனுபவம்.

தீர்மானம் இதுதான். பசறை நகரில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடைகளும் அடகு பிடிக்கும் கடைகளும் இனிமேல் ஒழுங்குவிதிக்கு உட்பட்டு நடக்க வேண்டும். களவு போன பொருள் ஒன்றுகூட அங்கே விலை போகக் கூடாது.

காரணம், எங்கள் குடம் களவு போய்விட்டது.

எங்கள் குடம் என்று எழுதிவிட்டேன். பெரியாயி பார்த்தால் திருத்துவாள். அவளுடைய குடம். பித்தளை. கழுத்தில் அவள் தாய் கருப்பாயியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கொஸ்லந்தைப் பக்கம் மலை சரிந்து என் மாமியார் தோட்டத்து லயவீடுகளோடு மண்ணுக்குள் போனபோது, தோண்டியவர்கள் பெரியாயியின் கையில் கொடுத்தது அந்தக் குடத்தை மட்டும்தான். வயிற்றில் ஒரு நெளிவு. அதைத் தட்டிச் சரியாக்க அவள் எந்தக் கன்னானையும் விட்டதில்லை.

எங்கள் மகள் யசோதினிக்குப் புது வீடு கிடைத்திருந்தது. ஏழு பேர்ச்சஸ் காணி, இரண்டு அறை. எங்கள் பரம்பரையில் லயத்துக்கு வெளியே படுக்கப் போகிற முதல் ஆள் அவள். மூன்று வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அந்த வாசலைத் தண்ணீர் நிறைந்த அந்தக் குடம்தான் முதலில் தாண்ட வேண்டும் என்று பெரியாயி சொல்லியிருந்தாள். அவள் தாய் பார்க்காத வீட்டை அந்தக் குடமாவது பார்க்கட்டுமாம்.

அந்தக் குடத்தைத்தான் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்துவிட்டு வந்த ஐந்து நிமிஷத்தில் எவனோ தூக்கிவிட்டான்.

மறுநாள் மத்தியானமே தகவல் வந்துவிட்டது.

"ஏங்க, குடம் ஜௌபர் கடையில இருக்காம். அடுத்த காம்பரா வீட்டு விஜயலெட்சுமி பாத்துட்டு வந்து சொல்றா."

"எந்த ஜௌபர்?"

"பசறையில எத்தன ஜௌபர் பழைய சாமான் கட வச்சிருக்கு? யாரோ கொண்டாந்து வித்தானாம். தெரியாம வாங்கிட்டேன், நான் குடுத்தத மட்டும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கன்னு அந்தத் தம்பி சொல்லுதாம். போயி வாங்கிட்டு வாங்க."

"களவு போன நம்ம பொருளுக்கு நாமளே காசு குடுக்கிறதா?"

"ஆமாங்க."

"அது களவை அங்கீகரிக்கிற செயல்."

"குடம் வீட்டுக்கு வந்துருமுங்க."

"பெரியாயி, இது ஒரு குடத்தின் பிரச்சினை இல்லை. களவுச் சந்தையின் பிரச்சினை. தனி ஆள் தனியாகத் தீர்த்துக்கொள்ளப் போனால் வர்க்கம் என்ன ஆவது?"

"வர்க்கத்துக்கிட்ட எவ்வளவோ குடம் இருக்குங்க. எங்கிட்ட ஒண்ணுதான்."

எங்கள் மக்கள் ஏன் முன்னேறவில்லை என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த ஒரு பதிலையே நான் எடுத்துக் காட்டுவேன்.

அன்றே போராட்டத்தில் இறங்கினேன். முதலில் அடகுக்கடைக்குப் போனேன். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னைக் கும்பிட்டார். கதவைத் திறக்கவில்லை. மேலிடங்களுக்கு ஏழு கோரிக்கை மகஜர் அனுப்பினேன். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதம் எழுதியவனுக்கு அது முன்பே தெரியும். மிஞ்சியது ஜௌபர்.

என் கை ஒலிபெருக்கியை எடுத்தேன்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் பதுளையில் வாங்கியது. பெரியாயியின் தீபாவளி முற்பணத்தில். அந்த வருஷம் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை இல்லை. மக்களுக்குக் குரல் கிடைத்தது. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், தொழிற்சாலை வாசலில், மழையில், பொலிஸ் தடியடியில், என் தொண்டை ஓய்ந்தாலும் அது ஓய்ந்ததில்லை. நான் ஐந்து தொழிற்சங்கங்களில் இருந்திருக்கிறேன். ஐந்தும் என்னைக் கைவிட்டன. ஒலிபெருக்கி கைவிடவில்லை. அதன் பற்றுச்சீட்டு என் பெயரில் இருக்கிறது. பொலித்தீன் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சங்கப் பணத்தில் வாங்கினான் என்று நாளைக்கு எவனும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்லக் கூடாது அல்லவா?

பெரியாயி அதற்கு வைத்த பெயர் "புனலு".

மூன்று நாள் ஜௌபர் கடை வாசலில் நின்றேன். புனலின், மன்னிக்கவும், ஒலிபெருக்கியின் சத்தத்தில் எதிர்க்கடைத் தராசுத் தட்டு ஆடியது. முதல் நாள் ஜௌபர் சிரித்தார். இரண்டாம் நாள் பிளேன்டீ கொடுத்தார். மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, இரண்டு காதிலும் பஞ்சோடு வெளியே வந்தார்.

"தலைவர், எங்க கையெழுத்துப் போடணும்?"

வாசகர்களே, என் வாழ்நாளில் எதிர்த்தரப்பு இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சம்பளத்துக்கு நின்றேன். காணிக்கு நின்றேன். எதுவும் கிடைத்ததில்லை. என் கண் கலங்கிவிட்டது.

ஒப்பந்தம் நானே எழுதியது. ஒரு வார்த்தையை அவர் மாற்றவில்லை. பழைய பொருள் விற்க வருகிறவன் அடையாள அட்டையும் அந்தப் பொருளின் பற்றுச்சீட்டும் காட்ட வேண்டும். கடையில் இருக்கிற பொருளைப் பதினான்கு நாள் எல்லோரும் பார்க்கும்படி அட்டை கட்டி வைக்க வேண்டும். அதற்குள் பற்றுச்சீட்டோடு வருகிற உரிமையாளருக்குப் பொருளை இலவசமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவரும் வராவிட்டால் பிறகு விற்கலாம். ஓட்டை ஒன்றும் விடவில்லை. பொருளில் பெயர் வெட்டியிருந்தாலும் செல்லாது, பெயரை எவனும் வெட்டலாம் என்றுகூட எழுதியிருந்தேன்.

ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தேன். பெரியாயி என் கைகளைப் பார்த்தாள்.

"குடம் எங்கங்க?"

"குடமா? அதைவிடப் பெரிய விஷயம் கொண்டு வந்திருக்கேன். இனிமே நம்ம குடம் இலவசம். காசே தேவையில்லை. நாளைக்குப் போய் உரிமையோட எடுத்துட்டு வரலாம்."

மறுநாள் இருவரும் போனோம். குடம் மேல்தட்டில் அட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. பெரியாயி அதைப் பார்த்த மாதிரி நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைப் பார்த்ததில்லை.

"எடுத்துக் குடுங்க, ஜௌபர்" என்றேன்.

"தாறேன் தலைவர். பில்லு?"

"என்ன பில்லு?"

"குடத்துட பில்லு. ஒப்பந்தத்துல மூணாவது பந்தி."

"ஜௌபர், இது அவளோட அம்மா குடம். பேரு வெட்டியிருக்கு."

"அதுவும் மூணாவது பந்திதான். பேரு செல்லாது. நீங்கதானே எழுதினீங்க?"

கடைக்குள் வேறு யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம். பெரியாயி அமைதியாகக் கேட்டாள்:

"ஏங்க, இந்தியாவுல இருந்து எங்க பாட்டன் பூட்டன் வரும்போது அவங்ககிட்டயே ஒரு துண்டுக் காயிதம் இல்ல. கொடத்துக்கா இருந்திருக்கும்?"

"இல்லை, நான் என்ன சொல்றேன்னா…"

"நம்ம லயத்துல எதுக்குங்க பில்லு இருக்கு? லயத்துக்கே இல்ல. நம்ம கலியாணத்துக்கு இருக்கா? பதிய வேண்டிய அன்னைக்கு நீங்க வேலைநிறுத்தத்துல இருந்தீங்க."

"அக்கா, நேத்து வந்திருந்தா நான் குடுத்த காசுக்கே தந்திருப்பேன்" என்றார் ஜௌபர். உண்மையாகவே வருந்தினார். "இப்ப ஒப்பந்தம் இருக்குதே."

துண்டு இல்லை, துண்டு இல்லை என்று சொல்லியே எங்கள் சனத்தை இந்த நாட்டில் நாடற்றவர்களாக வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து நான் அச்சடித்த துண்டுப்பிரசுரங்களை அடுக்கினால் அந்தக் கடையின் கூரையைத் தொடும். கடைசியில் என் சனத்திடம் துண்டு கேட்டு ஒரு சட்டம் எழுதினவன் யார்? இந்த அழகையாதான். ஒரு வார்த்தை மாறாமல்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. பெரியாயி வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். விஜயலெட்சுமி மாதக் கடைசியில் தன் ரேடியோவை ஜௌபரிடம் விற்று அரிசி வாங்குகிறவள். சம்பளம் வந்ததும் திருப்பி வாங்கிவிடுவாள். ஆறு வருஷமாக அந்த ரேடியோ இப்படிப் போய்வந்துகொண்டிருந்தது. அன்று வெறுங்கையோடு என் வாசலில் நின்றாள்.

"தலைவரே, ரேடியோவுக்குப் பில்லு கேக்குறாரு. இது எங்க மாமனார் வச்சிருந்தது. செத்துப்போன மனுசன்கிட்ட போயி பில்லு கேக்கவா?"

"கொஞ்சம் பொறுமை, விஜயலெட்சுமி. நீண்டகால நோக்கில்…"

"பிள்ளைங்களுக்கு இன்னைக்கு ராத்திரிக்குத்தான் தலைவரே அரிசி இல்ல."

பெரியாயி உள்ளேயிருந்து ஒரு கொத்து அரிசியோடு வந்தாள். என்னைக் கடந்துதான் போனாள். நான் ஒரு தூண் போல.

ஜௌபரிடம் ஓடினேன். "களவாவது குறைஞ்சிருக்கா?"

"அத எப்படிச் சொல்றது தலைவர்? இப்ப ஒழுங்கா பில்லோட வாறது அவனுங்க மட்டும்தான். எங்கயோ பில் புத்தகமே அடிச்சிருக்கானுங்க. நல்ல அழகான பில்லு. உங்க சனத்துகிட்டதான் ஒண்ணும் இல்ல."

"ஒப்பந்தத்தைத் திருத்துவோம்."

"திருத்தலாமே. ஒரு மாசத்துக்கு முந்தி எழுத்துல அறிவிக்கணும். ஆறாவது பந்தி."

"அது நான் உங்களுக்காகப் போட்டது!"

"எனக்கு விளங்குது தலைவர். ஆனா எனக்காகன்னு அதுல இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். எல்ல ஊருல ஹோட்டல் வச்சிருக்கிற ஒருத்தர் வந்தாரு. குடம் புடிச்சிருக்காம். அந்த நெளிவுதான் ரொம்பப் புடிச்சிருக்காம். வாசல்ல வச்சு வெள்ளைக்காரங்க குடையெல்லாம் அதுல போடலாமாம். பதினாலாம் நாள் வியாழக்கிழம பின்னேரம் வாறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

வியாழக்கிழமை. பால் காய்ச்சுவதற்கு முதல் நாள். மண்ணுக்குள்ளிருந்து வந்த குடம் எல்லயில் குடை தாங்கப் போகிறது. நான் இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விஜயலெட்சுமி சொல்லிவிட்டாள்.

பெரியாயி சண்டை பிடிக்கவில்லை. அழவும் இல்லை. புதன்கிழமை பின்னேரம் தேயிலை மலை வேலையிலிருந்து வந்தாள், முகம் கழுவினாள், எனக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் நடத்தவிருந்த வெற்றிக் கூட்டத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வெற்றி. அதையும் கொண்டாடாமல் விட என்னால் முடியவில்லை.

"ஏங்க, அந்தச் சட்டத்த எனக்குக் கொஞ்சம் வெளங்கப்படுத்துங்களேன்."

பேனா என் கையிலிருந்து விழுந்தது. நாற்பத்திரண்டு வருஷம்! என் பிரசுரங்களுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஒரு நாளாவது விளக்கம் கேட்டதுண்டா?

"கேள், பெரியாயி. கேள்."

"பில்லு வச்சிருக்கிறவுங்க அவுங்களே போயித்தான் விக்கணுமா? வேலைக்குப் போனவுங்க என்னா செய்வாங்க?"

"நல்ல கேள்வி! அதுக்கு ஐந்தாவது பந்தி. குடும்பத்தில் வேறொருத்தர் கொண்டு போகலாம். உரிமையாளர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கணும். படிவம் நானே அச்சடிச்சு வச்சிருக்கேன்."

"பொம்பளைங்களுக்கு அத நெரப்பத் தெரியல. நீங்க ஒண்ணு நெரப்பிக் காட்டுனா, நான் லயத்துல எல்லாருக்கும் காட்டுவேன்."

எங்கள் பெண்கள் அரசியல்மயப்படுகிறார்கள்! ஒரு படிவத்தை எடுத்தேன். முழுப் பெயர் எழுதினேன். அடையாள அட்டை இலக்கம் எழுதினேன்.

"பொருள்னு இருக்கே, அதுல என்னா போடுறது?"

"உதாரணத்துக்கு ஏதாவது போடலாம்."

"பில்லு இருக்கிற சாமானாத்தான போடணும்? நம்ம வீட்டுல பில்லு இருக்கிறது புனலுக்கு மட்டுந்தான்."

"ஒலிபெருக்கி" என்று திருத்தினேன். அப்படியே எழுதினேன். கொண்டு செல்பவர் பெயர்: பெரியாயி. உறவு: மனைவி. "கவனி. திகதி இல்லாவிட்டால் செல்லாது." திகதி போட்டேன். "கையெழுத்து இங்கே. இதை மறந்தால் எல்லாம் வீண்." போட்டேன். அவள் என் ரப்பர் சீல் கட்டையை எடுத்து நீட்டினாள். அதையும் குத்தினேன்.

எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று முப்பது தோட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். நான் வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் நானே எழுதி, சத்தமாக வாசித்துத்தான் போட்டேன்.

வியாழக்கிழமை எட்டாவது மகஜரோடு பதுளைக்குப் போய்விட்டேன். பொழுதுபட வந்தபோது பெரியாயி மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக விஜயலெட்சுமி சொன்னாள். சொல்லும்போது சிரித்தாளோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மகள் வீட்டு வாசலில் நின்றேன். வெறுங்கையோடு. என்ன முகத்தோடு பெரியாயியைப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டு. அப்போது அவள் வந்தாள். இடுப்பில் குடம். கழுத்தில் கருப்பாயி, வயிற்றில் நெளிவு. தண்ணீர் தளும்ப அவள் அந்த வாசலைத் தாண்டினாள். யசோதினி அழுதாள். மருமகன் ரமேஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் கண்ணைத் துடைத்தேன்.

துடைத்து முடித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜௌபர் பணிந்துவிட்டார்! மக்கள் சக்தியின் முன்!

"மருமகனே" என்றேன். "இந்த நேரத்தில் நாலு வார்த்தை பேசாவிட்டால் வரலாறு மன்னிக்காது. வீட்டுக்கு ஓடிப் போய் என் ஒலிபெருக்கியை எடுத்துட்டு வாங்க."

ரமேஸ் மாமியாரைப் பார்த்தான். யசோதினியும் தாயைப் பார்த்தாள். பெரியாயி பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வீட்டுல இல்லீங்க. ஜௌபர் கடையில இருக்கு. பால் பொங்குது, வெலகுங்க."

நான் பால் குடிக்கவில்லை. ஆட்டோ பிடித்து பசறைக்குப் போனேன்.

மேல்தட்டில், குடம் இருந்த அதே இடத்தில், அட்டை கட்டி உட்கார்ந்திருந்தது என் இருபத்தெட்டு வருஷக் குரல்.

"ஜௌபர், அது என்னுடையது!"

"நேத்து வரைக்கும் உங்களோடதுதான் தலைவர். பதினாலு நாள் முடிஞ்ச உடனே அக்கா வந்தாங்க. குடத்துக்குப் பதிலா இதக் குடுத்தாங்க. பில்லு இருக்கு. படிவம் இருக்கு. சீல் குத்தின படிவம் இதுதான் எனக்கு முதலாவது. எல்லோருக்கும் காட்டுறதுக்கு வச்சிருக்கேன்."

"அது மாதிரிப் படிவம்!"

"மாதிரின்னு எங்கயும் போடலயே. திகதி கூட இருக்கே."

"எல்ல ஹோட்டல்காரர் கூடக் குடுத்திருப்பாரே? இந்தப் பழசு உங்களுக்கு எதுக்கு?"

"ஆட்டோவுல கட்டி லயம் லயமாப் போயி பழைய இரும்பு கேக்கத்தான். மூணு நாள் என் கட வாசல்ல நின்னு கத்தினீங்க. சாமான் நல்ல சாமான்னு அப்பவே தெரிஞ்சிச்சி."

"சரி. நானே வாங்கிக்கிறேன். இப்பவே."

"தரலாமே தலைவர்." அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "இன்னும் பதிமூணு நாள் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எவன் வந்திருப்பான்? எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு மலையை நகர்த்த நினைத்தேன். மலை தானாகத்தான் நகர்ந்தது. அதுவும் எங்கள் தலைமேல். வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஒப்பந்தம் என் சொந்தச் சனத்தின் ரேடியோவையும் என் குரலையும் பிடித்து வைத்துக்கொண்டது. அன்று பின்னேரம் மகள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே போகவே கூசியது.

பெரியாயி தேத்தண்ணியோடு வந்தாள். பின்னாலேயே குடத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதன் கழுத்தில் ஒரு துண்டு நூலில் கட்டித் தொங்கியது. ஜௌபர் கடைப் பற்றுச்சீட்டு. பித்தளைக் குடம் ஒன்று. வாங்கியவர் பெரியாயி.

"சட்டப்படி இருக்கட்டுமுங்க" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. மூணு வாரமாக் கேட்டேன்."

"என் குரலையே வித்துட்டியே, பெரியாயி."

"கொரலு ஒங்ககிட்டத்தாங்க இருக்கு. அத யாரும் வெல கேக்கல."

"இந்த வீட்டுல விக்கிறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலயா ஒனக்கு?"

அவள் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் ஒரு பில்லு இருந்திருந்தா, நான் எதுக்குங்க புனலத் தொடப்போறேன்?"